400-ஆம் நம்பர் பூனை

அக்காவுக்கு ஒன்பதாம் மாசம். வளைகாப்பு முடிந்து தூத்துக்குடிக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்கிற புண்ணியத்தில் நானும் பெங்களூரில் இருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து, மாடி ரூமில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் செக்கப் போய்விட்டு வந்தபோது டாக்டர் ஒரு சீட்டில், "சுறா, பெரிய மீன்கள் வேண்டாம். சின்ன மீன் வாரம் ரெண்டு தடவை சாப்பிடலாம். பால் கொடுக்கும் வரை இதே மாதிரி" என்று எழுதிக் கொடுத்திருந்தார். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"பிள்ள பெத்தவளுக்கு பால்சுறாப் புட்டு குடுக்காம வேற என்னத்தல குடுக்க? உங்க ரெண்டு பேரையும் பெத்தப்ப ஆச்சி எனக்கு அதத்தான ஆக்கிப் போட்டா. உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"இவனுக்கு மூளைதான் கொஞ்சம்..." என்று அக்கா என்னைக் கை காட்டினாள். (வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இருப்பதால் பதிலடி கொடுக்கவில்லை. கணக்கில் வைத்திருக்கிறேன்.)

அப்புறம் அவளே, "ஏல, நீதான் ராத்திரியெல்லாம் எதையாவது தேடிப் படிச்சிக்கிட்டே இருப்பியே, இதையும் படிச்சுச் சொல்லு" என்றாள். மீனில் பாதரசம் என்று தேட ஆரம்பித்தவன், ராத்திரி மூணு மணிக்கு ஜப்பானில் ஒரு பூனைக்கு முன்னால் வந்து நின்றேன். அந்தப் பூனையின் கதைதான் இது. எனக்குக் கெமிஸ்ட்ரி பொறியியல் முதல் வருஷத்தோடு சரி, அதனால் எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில், குமமோட்டோ மாவட்டத்தில், ஷிரானுய் கடலை ஒட்டி இருக்கிற சின்ன ஊர் மினமாட்டா. மீன்பிடி ஊர். அங்கே 1908-இல் ஒரு கார்பைடு ஆலை வந்தது. அது உரக் கம்பெனியாக வளர்ந்து, பின்னாளில் சிஸ்ஸோ என்கிற பெரிய ரசாயனக் கம்பெனி ஆனது. ஊரில் பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு. 1960-களின் தொடக்கத்தில் நகராட்சியின் வரி வருமானத்தில் பாதி இந்த ஒரு ஆலையில் இருந்து வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கழிவுநீரால் மீன்பாடு குறைந்துவிட்டது என்று மீனவர்கள் கேட்டதும், 1926-லும் 1943-லும் கம்பெனி நஷ்டஈடு கொடுத்து முடித்துக்கொண்டது. ஆக, கடல் கெடுகிறது என்பது ரொம்ப முன்னாடியே எல்லோருக்கும் தெரியும்.

1932-இல் ஆலை அசிட்டால்டிஹைடு தயாரிக்க ஆரம்பித்தது. பிளாஸ்டிக் முதல் பல பொருட்களுக்கு அது வேண்டும். அசிட்டிலீன் வாயுவைத் தண்ணீரோடு சேர்த்து வினைபுரிய வைக்க பாதரச சல்பேட் வினையூக்கி. இந்த வினையில் ஒரு சின்ன ஓரத்து வினையும் நடக்கும். அதில் துளித்துளியாக மெத்தில் மெர்க்குரி என்கிற கரிமப் பாதரசம் உருவாகும். அது கழிவுநீரோடு நேராக ஹியாக்கென் துறைமுகத்துக்குப் போனது. 1951-இல் செய்முறையில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். துணை வினையூக்கியாக இருந்த மாங்கனீஸ் டையாக்சைடை எடுத்துவிட்டு இரும்பு சல்பைடு போட்டார்கள். நம்ம பாஷையில் சொன்னால் ஒரு லைப்ரரியை மாற்றுகிற மாதிரி. மெத்தில் மெர்க்குரி அதிகமானது. உற்பத்தியும் ஏறிக்கொண்டே போனது. 1932-இல் 210 டன், 1951-இல் 6,000 டன், 1960-இல் 45,000 டன்னுக்கும் மேல்.

முதலில் காட்டிக்கொடுத்தவை பூனைகள். 1950 வாக்கில் இருந்தே மீனவக் குடியிருப்புகளில் பூனைகளுக்கு வலிப்பு வந்தது, வட்டம் வட்டமாகச் சுற்றின, பைத்தியம் பிடித்த மாதிரி ஓடிச் செத்தன. ஊர்க்காரர்கள் அதற்கு "பூனை ஆட்ட நோய்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். காக்கைகள் பறக்கும்போதே விழுந்தன. செத்த மீன்கள் மிதந்தன.

அப்புறம் மனிதர்கள். 1956 ஏப்ரல் 21 அன்று ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை சிஸ்ஸோ ஆலையின் சொந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நடக்க முடியவில்லை, பேச முடியவில்லை, வலிப்பு. ரெண்டு நாளில் அவள் தங்கைக்கும் அதே. அந்த ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் ஹஜிமே ஹோசோகவா. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். மே 1 அன்று, மத்திய நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இனம் தெரியாத நோய் பரவுகிறது என்று அவர்தான் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார். மினமாட்டா நோய் "கண்டுபிடிக்கப்பட்ட" நாள் என்று இன்றைக்கும் அந்தத் தேதியைத்தான் சொல்கிறார்கள்.

தொற்றுநோய் என்று நினைத்து நோயாளிகளைத் தனியாக அடைத்தார்கள், வீடுகளுக்கு மருந்து அடித்தார்கள். அந்தக் குடும்பங்களோடு பேசவே ஊர் பயந்தது. கொரோனாவில் தெருவைத் தகரம் வைத்து அடைத்ததைப் பார்த்த நமக்கு இது புரியும். வித்தியாசம் என்னவென்றால், அங்கே தொற்று என்று ஒன்று கிடையவே கிடையாது.

குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு அதே வருஷம் நவம்பரிலேயே சொல்லிவிட்டது: இது ஏதோ ஒரு கன உலோக நஞ்சு, மீன், சிப்பி வழியாக உடம்புக்குள் போகிறது. எந்த உலோகம் என்பதுதான் தெரியவில்லை. மாங்கனீஸா, தாலியமா, செலினியமா என்று வரிசையாகச் சந்தேகப்பட்டார்கள்.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்த இடம் இதற்கு அப்புறம் வருகிறது. 1957-இல் குமமோட்டோ மாவட்ட நிர்வாகம், உணவுச் சட்டத்தைப் பயன்படுத்தி அந்த வளைகுடா மீனை விற்கத் தடை போடலாமா என்று மத்திய சுகாதார அமைச்சகத்தைக் கேட்டது. வந்த பதில்: அந்த வளைகுடாவில் உள்ள மீன், சிப்பி எல்லாமே நஞ்சாகிவிட்டன என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது.

"எல்லாமே." அந்த ஒரு வார்த்தையைப் பாருங்கள். கடலில் உள்ள ஒவ்வொரு மீனையும் பிடித்து நஞ்சு என்று நிரூபிக்க யாரால் முடியும்? விற்பனைக்குச் சட்டப்படி தடை இல்லை. சாப்பிடாதீர்கள் என்று வாயால் மட்டும் சொன்னார்கள். வேறு எதையும் வாங்கக் காசில்லாத மீனவர்கள் என்ன செய்வார்கள்? பிடித்ததைச் சாப்பிட்டார்கள். உடம்பு முடியாதவனுக்குச் சத்து வேண்டும் என்று அவனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்திருப்பார்கள். நம்ம அம்மாக்களும் அதைத்தானே செய்வார்கள்?

1958-இல் அங்கே வந்த டக்ளஸ் மெக்கால்பைன் என்கிற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர், இது கரிமப் பாதரச நஞ்சு மாதிரியே இருக்கிறதே என்றார். இங்கிலாந்தில் விதைகளுக்குப் பூசும் பாதரச மருந்து தயாரித்த ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இதே அறிகுறிகள் வந்ததை 1940-லேயே எழுதி வைத்திருந்தார்கள். அப்புறம் மளமளவென்று அளந்தார்கள். ஆலையின் கழிவு வாய்க்கால் வாயில் ஒரு டன் சேற்றுக்கு 2 கிலோ பாதரசம்! தோண்டி எடுத்து விற்றாலே லாபம் வரும் அளவு. (சிஸ்ஸோ பின்னாளில் நிஜமாகவே அதற்கு ஒரு துணைக் கம்பெனி ஆரம்பித்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.) நோயாளிகளின் தலைமுடியில் அதிகபட்சம் 705 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 705 பங்கு. மினமாட்டாவுக்கு வெளியே சராசரி 4.

1959 ஜூலையில் பல்கலைக்கழகம் காரணம் கரிமப் பாதரசம்தான் என்று அறிவித்தது. கம்பெனி மறுத்தது. நாங்கள் பயன்படுத்துவது கனிமப் பாதரசம், அது எப்படிக் கரிமப் பாதரசமாகும் என்று கேட்டது.

இப்போது பூனைக்கு வருவோம். நம்ம டாக்டர் ஹோசோகவா கம்பெனி சம்பளம் வாங்குகிறவர். ஆனாலும் சந்தேகம் அவரை விடவில்லை. ஆலை ஆஸ்பத்திரியில் பூனைகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பூனைக்கும் ஒரு நம்பர். 1959 ஜூலையில் 400-ஆம் நம்பர் பூனையின் சாப்பாட்டில், அசிட்டால்டிஹைடு பகுதியில் இருந்து வரும் கழிவுநீரையே கலந்து தினமும் கொடுக்க ஆரம்பித்தார். மீனே இல்லை, நேராகக் கழிவுநீர். 78 நாள் கழித்து, அக்டோபரில், அந்தப் பூனைக்கு வலிப்பு வந்தது, வட்டம் சுற்றியது. ஊர்ப் பூனைகள் ஆடிய அதே ஆட்டம்.

நோட்டில் எழுதினார். கம்பெனியிடம் சொன்னார். கம்பெனி, வெளியே சொல்லக் கூடாது, சோதனையை நிறுத்துங்கள் என்றது. நிறுத்தினார்.

அதே டிசம்பரில் ஆலையில் "சைக்கிளேட்டர்" என்று ஒரு சுத்திகரிப்புக் கருவிக்குத் திறப்பு விழா. கம்பெனித் தலைவர் அதில் சுத்தமான தண்ணீர் என்று ஒரு டம்ளரை எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்டினார். அசிட்டால்டிஹைடு கழிவு அந்தக் கருவி வழியாகப் போகவே இல்லை. அது கரிமப் பாதரசத்தை நீக்குவதற்கானதே இல்லை, ஊரைச் சமாதானப்படுத்த வைத்தது என்று பல வருஷம் கழித்துக் கோர்ட்டில் வெளிவந்தது. நம்ம வேலையில் இதற்கு டெமோ என்று பெயர்.

டிசம்பர் 30 அன்று நோயாளிகளோடு ஒப்பந்தம். அதன் பெயரே "அனுதாபத் தொகை". பெரியவர்களுக்கு வருஷம் 1 லட்சம் யென், குழந்தைகளுக்கு 30,000, செத்தவர் குடும்பத்துக்கு ஒரே தடவையாக 3,20,000. கூடவே ஒரு ஷரத்து: நோய்க்குக் காரணம் ஆலைக் கழிவுதான் என்று பின்னால் தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது. பூனைக்கு வலிப்பு வந்து மூணு மாசம்கூட ஆகவில்லை. தெரிந்தவன் ஒரு பக்கம், தெரியாதவன் மறுபக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்.

இனி வருவதுதான் எங்கள் வீட்டுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

அந்த ஊரில் மூளைவாதத்தோடு நிறையக் குழந்தைகள் பிறந்தன. அவர்கள் மீனே சாப்பிட்டதில்லை, ஆகவே இது மினமாட்டா நோய் இல்லை என்றது அன்றைய மருத்துவம். நஞ்சுக்கொடி நஞ்சை உள்ளே விடாது என்பதுதான் அப்போதைய பாடம். மசசுமி ஹரடா என்கிற இளம் மருத்துவரிடம் 1961-இல் ஒரு தாய், மூத்தவன் மீன் சாப்பிட்டு இப்படி ஆனான், சின்னவன் பிறக்கும்போதே இப்படித்தான், ரெண்டு பேருக்கும் ஒரே நோய்தானே என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா சொன்னதுதான் சரி. 1962 நவம்பரில் 16 குழந்தைகளுக்குப் பிறவி மினமாட்டா நோய் என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டார்கள்.

மெத்தில் மெர்க்குரி நம் உடம்பில் உள்ள ஒரு அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு, சத்துப்பொருள் மாதிரியே வேஷம் போட்டு நஞ்சுக்கொடியைத் தாண்டிவிடும். தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் ரத்தத்தில் அதிகமாகச் சேரும். யூஜின் ஸ்மித் 1971-இல் எடுத்த உலகப் புகழ் பெற்ற ஒரு புகைப்படம் உண்டு, ஒரு தாய் தன் மகளைக் குளிப்பாட்டுகிற படம். (படத்தை இங்கே போடவில்லை. இனி பரவ வேண்டாம் என்று அந்தக் குடும்பமே ஒரு கட்டத்தில் கேட்டுக்கொண்டது.) அந்தத் தாய் மகளைப் "பொக்கிஷக் குழந்தை" என்றுதான் சொல்வாராம். என் உடம்பில் இருந்த விஷத்தை எல்லாம் இவள் வாங்கிக்கொண்டாள், அதனால்தான் நானும் அடுத்துப் பிறந்த பிள்ளைகளும் தப்பித்தோம் என்று.

இதைப் படித்தபோது கீழ் ரூமில் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். லேப்டாப்பை மூடிவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

1965-இல் நிகாட்டாவில், அகானோ ஆற்றங்கரையில், வேறொரு கம்பெனியின் இதே மாதிரி ஆலையால் இதே நோய் வந்தது. மினமாட்டாவில் பாதரசம் வைத்து அசிட்டால்டிஹைடு தயாரிப்பது 1968 மே மாசம் நின்றது. அந்த முறையே பழசாகிப் போயிருந்த காலம் அது. ஆலைதான் காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில், அதாவது ஆலை ஓய்ந்து நாலு மாசம் கழித்து! மீன் வழியாக வரும் உலோக நஞ்சு என்று தெரிந்தது 1956. நடுவில் 12 வருஷம்.

1969-இல் 29 குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1970 ஜூலையில், நுரையீரல் புற்றுநோயோடு படுக்கையில் கிடந்த ஹோசோகவா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே சாட்சி சொன்னார். 400-ஆம் நம்பர் பூனையின் கதை கோர்ட் ஏறியது. மூணு மாசத்தில் அவர் இறந்துபோனார். 1973 மார்ச் 20 அன்று தீர்ப்பு: கம்பெனி குற்றவாளி, அந்த அனுதாபத் தொகை ஒப்பந்தம் செல்லாது. மத்திய, மாவட்ட அரசுகளுக்கும் பொறுப்பு உண்டு என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் சொல்ல 2004 ஆனது. 2001 வரை அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கப்பட்டவர்கள் 2,265 பேர். அங்கீகாரம் கிடைக்காதவர்கள் இதைப்போலப் பல மடங்கு.

ஹோசோகவாவை நல்லவர் என்பதா, கெட்டவர் என்பதா? எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. நோயை முதலில் சொன்னவர் அவர். உண்மையை நோட்டில் எழுதி வைத்தவர் அவர். 11 வருஷம் வாய் திறக்காதவரும் அவர்தான். அவர் மேல் கல் எறிய என் கை எழவில்லை. காரணம் உண்டு. என் முதல் வேலையில், ரிலீஸுக்கு முந்தின நாள், பில் கணக்கு சில நேரம் தப்பாக வருகிறது என்று தெரிந்த குறைகள் பட்டியலில் ஒரு வரி எழுதியிருந்தேன். "அந்த வரி வேண்டாம்பா, அடுத்த ரிலீஸில் பார்த்துக்கலாம்" என்றார் மேலே இருந்தவர். அழித்தேன். யாருக்கும் கைகால் போகவில்லை, சில பேருக்குக் கொஞ்சம் பணம் கூடுதலாகப் பிடிக்கப்பட்டு அப்புறம் திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு 23 வயசு, இ.எம்.ஐ. இருந்தது. அழிப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

சரி, அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். நாம் மீன் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். மினமாட்டா அளவுக்கும் சந்தை மீனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் பாதரசம் எல்லாக் கடலிலும் கொஞ்சம் உண்டு. நிலக்கரி எரிப்பதிலும், பாதரசம் வைத்துத் தங்கம் பிரிப்பதிலும் இருந்து காற்றில் கலந்து கடலில் இறங்குகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மெத்தில் மெர்க்குரி ஆக்கும். அதைப் பாசி வாங்கும், பாசியைப் பொடிமீன், பொடிமீனைப் பெரிய மீன். ஒவ்வொரு படியிலும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் ரொம்ப நாள் வாழ்ந்து மற்ற மீனைத் தின்கிற சுறா மாதிரி ஆட்களிடம் அதிகம். அது தசையிலேயே ஒட்டியிருப்பதால் கழுவினாலும் போகாது, பொரித்தாலும் போகாது, புளி ஊற்றினாலும் போகாது.

சர்வதேச நிபுணர் குழு 2003-இல் சொன்ன வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ பெண் என்றால் 96 மைக்ரோகிராம். அமெரிக்க உணவுத் துறையின் சராசரிகளை வைத்துக் கணக்குப் போட்டால், சுறா வாரம் 100 கிராமிலேயே வரம்பைத் தொட்டுவிடும். மத்தி என்றால் 7 கிலோ சாப்பிட வேண்டும்! அது அவர்கள் கடல், அவர்கள் மீன். நம்ம பால்சுறா சின்ன இனம், அதில் குறைவாகவே இருக்கலாம். தாய்ப்பால் வழியாகப் போவதும் நஞ்சுக்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவு. ஆனாலும் மத்தி கிடைக்கிற ஊரில் எதற்கு வம்பு?

இவ்வளவையும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கணக்கைச் சொன்னேன், "போல" என்று விட்டார். அப்புறம் அந்தப் பொக்கிஷக் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அம்மா கையில் இருந்த அரிவாள்மனையை ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அந்தப் பொம்பளைக்கு யாரும் முன்னாடியே சொல்லலையால?"

சொல்லவில்லை அம்மா. தெரிந்தவர்கள் இருந்தார்கள், சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் போய் அம்மா வாங்கி வந்தது சாளை. எங்கள் ஊரில் மத்திக்கு அதுதான் பெயர். "பிள்ள பொறந்ததும் இதுலயே புட்டு அவிச்சிருதேன். முள்ளெடுக்க மட்டும் நீ வந்து உக்காரணும்" என்றார். எனக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. :)

அம்மாவுக்கு ஒரு டாக்டர் சீட்டு இருந்தது, சந்தையில் பத்து வகை மீன் இருந்தது. மினமாட்டா அம்மாக்களுக்கு ஒரே கடல். அந்தக் கடலைப் பற்றிய உண்மை ஒரு ஆஸ்பத்திரி அலமாரியில், ஒரு நோட்டில் இருந்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் உலக நாடுகள் போட்ட ஒப்பந்தத்துக்கு மினமாட்டா ஒப்பந்தம் என்றுதான் பெயர். 2018-இல் இந்தியாவும் அதை ஏற்று உறுதி செய்தது. நல்ல விஷயம். ஆனால் எந்த ஒப்பந்தமும் அந்த நோட்டைத் திறந்து காட்டாது. அதை யாராவது ஒருத்தர்தான் செய்ய வேண்டும், அதுவும் அன்றைக்கே.

பி.கு: நான் டாக்டர் இல்லை. உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், என்ன மீன், எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். பயந்துபோய் மீனையே நிறுத்திவிட வேண்டாம், பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அதில் உள்ள சத்தும் வேண்டும்.